அஷ்டமி கழிந்து கிளம்புங்கள்: சோலண்ட் கடலில் பாய்ப்படகில் ஒரு நாள்

பாய்ப்படகில் ஒரு நாள் போய்வர ஆசை என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது காற்றைப் பற்றித்தான். எவ்வளவு காற்று வேண்டும், காற்றே இல்லாவிட்டால் என்ன செய்வது, அதிகமானால் கவிழ்ந்துவிடுமா. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், பதில் கீழே வருகிறது. ஆனால் இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனுக்கும் வைட் தீவுக்கும் நடுவில் கிடக்கும் சோலண்ட் கடலைப் பொறுத்தவரை, தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் அந்த நாளைத் தீர்மானிக்கும். காற்று அதற்கு அடுத்தபடி. இதைப் புரிந்துகொள்ளாமல் கிளம்பி, நான்கு மணி நேரம் ஒரே தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பாய் ஓட்டியவர்கள் உண்டு.

இந்தக் கட்டுரை யாருக்கு என்றால், இதுவரை பாய்ப்படகில் ஏறாதவர்களுக்கு, அல்லது ஒரு முறை ஏறி ஒன்றும் புரியாமல் இறங்கியவர்களுக்கு. படகை நடத்த அனுபவமுள்ள ஸ்கிப்பர் ஒருவர் கூட இருக்கிறார், நீங்கள் கைகொடுக்கும் ஆளாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பயணம், ஹாம்பிள் ஆற்றிலிருந்து வைட் தீவின் யார்மத் வரை, மதிய உணவு, திரும்பி ஹாம்பிள். போக ஏறத்தாழ 12 கடல் மைல், வர அதே அளவு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் என்றால் ஒரு நாட். நாம் பேசும் 34 அடிப் படகு நல்ல காற்றில் 5, 6 நாட் போகும். ஓடினால் பிடித்துவிடலாம் போன்ற வேகம்தான், ஆனால் படகுக்குள் இருக்கும்போது அப்படித் தோன்றாது.

நாள் பார்ப்பது

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது, அங்கே வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். சவுத்தாம்ப்டனில் பெரிய ஏற்ற நாட்களில் அது 4 மீட்டர். சிறிய நாட்களில் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு தண்ணீரும் சுமார் 20 மைல் நீளமான ஒரு ஒடுங்கிய கடல்வழியாக ஒரு நாளில் இரண்டு முறை இந்தப் பக்கமும் இரண்டு முறை அந்தப் பக்கமும் ஓடியாக வேண்டும். மேற்கு முனையில், எட்டாம் ஹென்றி 1540களில் கட்டிய ஹர்ஸ்ட் கோட்டைக்கு எதிரே, வழி ஒரு மைலுக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. பெரிய ஏற்ற நாட்களில் அங்கே நீரோட்டம் 4 நாட்டைத் தாண்டும். நம் படகே 5 நாட்தான் போகிறது என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஓட்டத்தோடு போனால் கரையைக் கடக்கும் வேகம் 9, எதிர்த்துப் போனால் 1.

நாம் அவ்வளவு தூரம் மேற்கே போகவில்லை, யார்மத் ஹர்ஸ்ட்டுக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். இருந்தாலும் மேற்கே போகும்போது மேற்கு ஓட்டமும், கிழக்கே திரும்பும்போது கிழக்கு ஓட்டமும் வேண்டும். இங்கேதான் நம் வீட்டு நாள்காட்டி உதவிக்கு வருகிறது, நான் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

சோலண்டில் எல்லாக் கணக்கும் போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் முழு ஏற்ற நேரத்தை வைத்துத்தான். முழு ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே நீரோட்டம் மேற்கே திரும்பிவிடும், அப்புறம் ஐந்தரை மணி நேரம் போல மேற்கே ஓடும், பிறகு கிழக்கே திரும்பும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்ற நாட்களில் போர்ட்ஸ்மத்தில் முழு ஏற்றம் எப்போதுமே நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும்தான் வரும். அதாவது காலை முழுக்க ஓட்டம் கிழக்கே. அன்றைக்கு யார்மத் போகிறேன் என்று காலையில் கிளம்பினால் எதிரோட்டம், மாலையில் திரும்பினால் மறுபடி எதிரோட்டம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது ஆறு மணி நேரம் தள்ளிப்போகிறது. அஷ்டமி முடிந்து ஒன்றிரண்டு நாளில், நவமி தசமி வாக்கில், ஏற்றம் மிகச் சிறியதாக இருக்கும், முழு ஏற்றம் காலை எட்டு, எட்டரை போல வரும். அப்படியானால் காலை முழுக்க ஓட்டம் மேற்கே, மதியத்துக்குமேல் கிழக்கே. யார்மத் போய்வர இதைவிட நல்ல நாள் கிடையாது. அஷ்டமி நவமியில் பயணம் கிளம்பாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அம்மாவிடம் இதை விளக்கியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஆனால் இந்தக் கடலில் நீர் அடங்கி இருப்பது அந்த நாட்களில்தான்.

சரி, உங்களுக்குக் கிடைத்த சனிக்கிழமை பௌர்ணமியாக அமைந்துவிட்டது, வேறு நாள் இல்லை. பரவாயில்லை, பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். காலையில் கிழக்கே ஓட்டத்தோடு போர்ட்ஸ்மத் பக்கமோ, வைட் தீவின் கௌஸ் துறைமுகத்துக்குக் கிழக்கே இருக்கும் ஓஸ்போர்ன் விரிகுடாவுக்கோ போய் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஓட்டம் மேற்கே திரும்பியதும் வீடு வாருங்கள். போகுமிடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு நாளை அதற்குள் அடைக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நாளைப் பாருங்கள், அது எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போங்கள்.

இன்னொரு விஷயம். சவுத்தாம்ப்டனில் முழு ஏற்றம் இரண்டு முறை வரும், முதல் ஏற்றத்துக்குப் பின் தண்ணீர் கொஞ்சம் தயங்கி மறுபடி ஏறும், அதனால் இரண்டு மூன்று மணி நேரம் நீர்மட்டம் பெரிதாக மாறாமல் நிற்கும். தீவின் இரண்டு பக்கமும் சுற்றி வரும் தண்ணீர்தான் காரணம் என்று துறைமுகத்தில் எல்லோரும் சொல்வார்கள்; உண்மையில் ஆங்கிலக் கால்வாயின் வடிவமும் அதன் ஆழக்குறைவும் ஏற்றத்தின் அலையைச் சிதைப்பதால் வருவது அது. நமக்கு வேண்டியது அதன் விளைவு. மணிக்கு மணி பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று பாடத்தில் சொல்லித்தரும் நீர்மட்டக் கணக்கு இங்கே செல்லாது. வற்றும்போது வேகமாக வற்றும். ஆழம் குறைந்த இடங்களில் ஏற்ற வற்ற அட்டவணையில் உள்ள வரைகோட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முந்தைய நாள் இரவு

ஒரு தாளை எடுத்து ஐந்து வரி எழுதுங்கள். ஸ்கிப்பர் எழுதியிருப்பார், ஆனாலும் நீங்களும் எழுதுங்கள், மறுநாள் நடப்பது புரிய அதுதான் வழி. போர்ட்ஸ்மத் முழு ஏற்றம் 8.30. மேற்கு ஓட்டம் 7.30 முதல் 1 மணி வரை. 9 மணிக்குக் கிளம்பினால் 12 மணிக்கு யார்மத். 2.30க்குத் திரும்பினால் 5 மணி வாக்கில் ஹாம்பிள். கடைசியாக ஒரு வரி, காற்று கூடினால் அல்லது யாருக்காவது முடியவில்லை என்றால் எங்கே ஒதுங்குவது. இந்தப் பாதையில் பதில் கௌஸ், பாதி வழியில் இருக்கிறது, எந்த நீர்மட்டத்திலும் உள்ளே போகலாம். சிறிய உல்லாசப் படகானாலும் பயணத் திட்டம் போட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது கடற்பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தத்தின் விதி, நல்ல பழக்கம் மட்டும் இல்லை.

அட்டவணையில் நேரம் எந்த நேரம் என்று பாருங்கள். அச்சிட்ட அட்டவணைகள் பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். இதை நான் ஒருமுறை கூட்டாமல் விட்டேன். யார்மத்தில் பன்னிரண்டு மணிக்கு ஓட்டம் திரும்பிவிட்டது என்று நினைத்துக் கயிற்றை அவிழ்த்தோம். பாய் நன்றாகத்தான் இழுத்தது, தண்ணீர் படகின் பக்கவாட்டில் நுரைத்துக்கொண்டு ஓடியது, கருவியில் 4 நாட். கரையைப் பார்த்தால் நகரவே இல்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு மைல்கூட வரவில்லை, கூட வந்த குழந்தைகள் இரண்டும் வாந்தி. அன்றிலிருந்து தாளின் தலைப்பில் முதலில் எழுதுவது "கோடை நேரம் கூட்டியாச்சு".

வானிலை அறிக்கையைப் பிரிட்டனின் வானிலைத் துறை கடலோரப் பகுதி வாரியாக வெளியிடுகிறது. சோலண்ட், செல்சி பில் முதல் லைம் ரீஜிஸ் வரையிலான பகுதிக்குள் வருகிறது. கடலோரக் காவல்படை இதையே ரேடியோவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வாசிக்கும். காற்றின் வலிமை போஃபர்ட் அளவில் சொல்லப்படும். 3 என்றால் 7 முதல் 10 நாட், 4 என்றால் 11 முதல் 16. புதியவர்களுக்கு இந்த இரண்டும்தான் வேண்டும். 5 என்றால், 17 முதல் 21 வரை, பழகியவர்களுக்கு இன்பம், முதல் நாளில் உங்களுக்குத் தண்டனை. 6 என்று வந்தால் கௌஸுக்குப் பயணிகள் படகில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நாள் வீண் இல்லை. இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வரும், ஆகையால் மேற்கே ஓடும் நீரும் மேற்கிலிருந்து வரும் காற்றும் முட்டிக்கொள்ளும், அலை குட்டை குட்டையாகச் செங்குத்தாக எழும்பும். தசமி வாக்கில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், ஓட்டம் மெதுவாக இருந்தால் முட்டலும் குறைவு.

கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். படகின் பெயர், எத்தனை பேர், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பி அழைப்போம், அழைக்காவிட்டால் எத்தனை மணிக்கு 999க்கு அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும்.

பையில் என்ன

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, எலும்புவரை குளிரும். உள்ளே மெல்லிய செயற்கை நூல் உடை, நடுவில் கம்பளி, மேலே நீர் புகாத ஜாக்கெட். கரையில் 24 பாகை வெயில் அடிக்கும், தண்ணீருக்கு மேல் போனதும் ஸ்வெட்டர் தேடுவீர்கள். படகின் தளத்தில் கறை பதிக்காத அடிப்பாகமுள்ள மென்மையான காலணி. தொப்பிக்குக் கயிறு, கண்ணாடிக்கும் கயிறு. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், மடங்கும் பையாக இருந்தால் போதும், படகில் பெட்டி வைக்க இடமில்லை.

தலைசுற்றல் மாத்திரை எடுப்பதாக இருந்தால் சுற்ற ஆரம்பித்தபின் எடுத்துப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், எது என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி மரப்பா கொண்டுவாருங்கள், எனக்கு அது நன்றாகக் கேட்கிறது. அப்புறம் ஒரு வழி, எல்லாவற்றையும்விட நல்ல வழி: சுற்றுகிற மாதிரி இருந்தால் கீழே அறைக்குள் போகாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள், சுக்கானை வாங்கித் தூரத்துக் கரையைப் பார்த்துப் படகை ஓட்டுங்கள். பத்து நிமிடத்தில் பாதி சரியாகும்.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் டப்பாவில், ஸ்பூன் போட்டு. சாய்ந்து ஓடும் படகில் ஒரு கையால்தான் சாப்பிட முடியும், குழம்பு ஊற்றிப் பிசைவதெல்லாம் யார்மத் போனபிறகு.

படகில் ஏறியதும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டாதீர்கள். ஸ்கிப்பர் அரை மணி நேரம் விளக்கம் சொல்வார், அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

லைஃப் ஜாக்கெட் முதலில். இவை தண்ணீரில் விழுந்தால் தானாக ஊதிக்கொள்ளும் வகை. உள்ளே இருக்கும் வாயுக் குப்பி கையால் திருகி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள், தளர்ந்திருந்தால் ஊதாது. தொடைகளுக்கிடையே போகும் பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள், அது இல்லாமல் விழுந்தால் ஜாக்கெட் தலைக்குமேல் ஏறும், நீங்கள் கீழே தொங்குவீர்கள். இந்தக் கடலின் நீர் ஆகஸ்ட் செப்டம்பரிலேயே 17, 18 பாகைதான். நம் ஊர்க் கடல்போல நினைத்துவிடக் கூடாது. விழுந்ததும் உடம்பு அதிர்ந்து மூச்சு தானாக இழுக்கும், அந்த முதல் நிமிடத்தில்தான் நீச்சல் தெரிந்தவர்களும் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கும்வரை காத்திருப்பதுதான் சரி.

யாராவது விழுந்துவிட்டால் உங்கள் வேலை ஒன்றே ஒன்று. கத்துங்கள், அவரை நோக்கிக் கையை நீட்டுங்கள், கண்ணை எடுக்காதீர்கள். படகு எப்படித் திரும்பினாலும் உங்கள் கை அவரையே காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அலைக்கு நடுவில் ஒரு தலை தேங்காய் அளவுதான், கண்ணை எடுத்தால் தொலைந்துவிடும். மிதவை எறிவது, ரேடியோவில் சொல்வது எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ரேடியோவை எப்படி இயக்குவது என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் விழுந்தது ஸ்கிப்பராகவே இருக்கலாம். 16ஆம் அலைவரிசை, "மேடே" மூன்று முறை, படகின் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். சாதாரண நேரத்தில் ரேடியோவில் பேசச் சான்றிதழ் வேண்டும், உயிராபத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும், தீப்பொறிக்காகக் காத்திருக்கும். டீ போட்டு முடித்ததும் குப்பியிலேயே மூடிவிடுங்கள். கழிப்பறைக்குள் நீங்கள் சாப்பிடாத எதையும் போடாதீர்கள், அடைத்துக்கொண்டால் சரிசெய்யப் பாதி நாள் போகும்.

கையைக் காப்பாற்ற இரண்டு விஷயம். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை ஆங்கிலேயர்கள் ஷீட் என்பார்கள், நம் பாய்மரக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் தாமான். அந்தத் தாமானை வின்ச் என்ற உருளையில் கடிகாரச் சுற்றாக முதலில் இரண்டு சுற்று போட்டு இழுக்க வேண்டும், பாரம் ஏறியபின் இன்னும் ஒன்றிரண்டு சுற்று. காற்றில் பாய் இழுக்கும் விசை ஒரு ஆளைத் தூக்கும், விரல் கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவே போனால் அவ்வளவுதான். தளர்த்தும்போது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இரண்டாவது, பாய்மரத்திலிருந்து பின்னால் நீளும் பூம் என்ற கிடைமரம். அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும்போது தலை அந்த வழியில் இருக்கவே கூடாது. எங்கே உட்கார்ந்தாலும் பூம் இப்போது எந்தப் பக்கம், வீசினால் எங்கே வரும் என்று ஒரு நினைப்பு இருக்கட்டும்.

கயிறு அவிழ்ப்பது

எஞ்சினை இயக்கியதும் படகின் பின்னால் எட்டிப்பாருங்கள், குழாயிலிருந்து தண்ணீர் துப்புகிறதா என்று. கடல்நீரை உறிஞ்சித்தான் எஞ்சின் குளிர்கிறது, துப்பவில்லை என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

படகை மேடையோடு கட்டியிருக்கும் கயிறு நான்கு. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் குறுக்காக இரண்டு, படகு முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை. எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறதோ, அதாவது பாரம் இல்லையோ, அதை முதலில் எடுப்பார்கள். உங்களிடம் எந்தக் கயிறு என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு, "அவிழ்" என்று சொன்னபிறகு மட்டும் அவிழுங்கள். அவிழ்த்ததும் "அவிழ்த்தாச்சு" என்று சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள். பக்கத்துப் படகில் இடிக்கப்போகிறது என்றால் ஃபெண்டர் என்ற இடிதாங்கும் காற்றுப்பையை நடுவே பிடியுங்கள், காலையோ கையையோ நீட்டாதீர்கள். ஐந்தாறு டன் எடை, மெதுவாக வந்தாலும் எலும்பு தாங்காது.

ஆற்றில் வேக வரம்பு 6 நாட். இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான படகுகள், வழியில் குறுக்கே ஹாம்பிளுக்கும் வார்சாஷுக்கும் நடுவே போய்வரும் இளஞ்சிவப்புப் படகு, அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். ஃபெண்டர்களை எடுத்து உள்ளே வைப்பதும் கயிறுகளைச் சுருட்டுவதும் இந்த நேரத்தில் உங்கள் வேலை.

உள்ளே வரும்போது சிவப்பு மிதவை இடதுகைப் பக்கம், பச்சை வலதுகைப் பக்கம். வெளியே போகும்போது மாறும். இந்தியாவிலும் இதே முறைதான், அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும்தான் தலைகீழ். மேற்கு சோலண்டில் மேற்கிலிருந்து கிழக்கே வருவதுதான் உள்ளே வருவது என்று கணக்கு, ஆகையால் யார்மத் போகும்வரை சிவப்பு நமக்கு வலதில், பச்சை இடதில். கறுப்பும் மஞ்சளுமாக உச்சியில் இரண்டு கூம்பு வைத்தவை வேறு வகை, அவை எந்தத் திசைப் பக்கம் ஆழமான நீர் என்று சொல்கின்றன. இரண்டு கூம்பும் மேலே பார்த்தால் வடக்கு, கீழே பார்த்தால் தெற்கு.

பெரிய கப்பல்கள்

ஆறு சவுத்தாம்ப்டன் நீர்வழியில் போய்ச் சேரும் இடத்தில் நிற்கும்போது, புதிதாக வருகிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். சரக்குப் பெட்டிக் கப்பல் ஒன்று 400 மீட்டர் நீளத்தில், ஒரு தெருவே எழுந்து நடந்து வருவதுபோல வரும். பாய்ப்படகுக்கு எஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்ற விதியை எங்கோ படித்திருப்பீர்கள். இங்கே அது கிடையாது. ஒடுங்கிய கப்பல் வழியில் பாய்ப்படகும், 20 மீட்டருக்குக் குறைந்த எந்தப் படகும், பெரிய கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. இதற்கும் மேலாகச் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தின் சொந்த விதி ஒன்று உண்டு: 150 மீட்டருக்கு மேலான கப்பல் இந்தப் பகுதியில் வரும்போது அதற்கு முன்னால் 1000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் அதனுடைய இடம். கப்பலோடு நகர்ந்துகொண்டே வரும் தடைப்பகுதி அது. உள்ளே நுழைந்தால் குற்றம், அதைவிட முக்கியம், கப்பல் தளத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அதன் மூக்குக்குக் கீழே இருக்கும் நம்மைத் தெரியவே தெரியாது. ரேடியோவில் 12ஆம் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் கப்பல் எங்கே வருகிறது என்று துறைமுகம் சொல்லிக்கொண்டே இருக்கும். கப்பல் வழியைக் கடக்கும்போது நேர்க்குறுக்காக, சட்டென்று கடந்து, மிதவைகளுக்கு வெளிப்பக்கம் ஆழமுள்ள இடத்தில் போவோம். கப்பல் வராத திசையையும் திரும்பிப் பாருங்கள், கௌஸுக்கு ஓடும் அதிவேகப் பயணிகள் படகு பின்னாலிருந்து வந்துவிடும்.

கால்ஷாட் கோட்டையைத் தாண்டியதும் நடுக்கடலில் பிராம்பிள் மணல்திட்டு. ஆண்டில் மிகப் பெரிய வற்றத்தின்போது ஒரு மணி நேரம் போல வெளியே தலைகாட்டும், அப்போது இங்குள்ள இரண்டு பாய்ப்படகுச் சங்கங்கள் அதில் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள், ஸ்டம்ப் நட்டு, வெள்ளை உடை போட்டு, தண்ணீர் கணுக்காலுக்கு ஏறும்வரை. மற்ற நாட்களில் அது கண்ணுக்குத் தெரியாது. 2015 சனவரியில் ஹோக் ஒசாகா என்ற கார் ஏற்றும் கப்பல் சாய்ந்து, கட்டுப்பாடு இழந்து, தரைதட்டி நின்றது இந்தத் திட்டின்மேல்தான். நாம் மேற்குப் பக்கமாக விலகிப் போவோம். பழைய வழிகாட்டிப் புத்தகம் வைத்திருந்தால் ஃபாலி மின்நிலையப் புகைபோக்கியை அடையாளம் வைத்து ஓட்டச் சொல்லும், தேடாதீர்கள், 2021இல் இடித்துவிட்டார்கள்.

பாய்

வழி திறந்ததும் ஸ்கிப்பர் அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பிடிப்பார், அப்போதுதான் பெரிய பாய் பாரமில்லாமல் மேலே ஏறும். ஏற்றும் கயிற்றை இழுப்பவருக்கு மூச்சு வாங்கும். பாய் உச்சிக்குப் போகும்வரை மேலே பார்த்துக்கொண்டே இழுங்கள், எங்காவது சிக்கினால் நிறுத்துங்கள், வின்ச்சால் இறுக்கினால் கிழிந்துவிடும். அப்புறம் முன்பாயைச் சுருளிலிருந்து விடுவிப்பார்கள். எஞ்சின் நிற்கும். அந்த அமைதிக்காகத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக வருகிறேன். தண்ணீர் சத்தம், கயிறு முனகும் சத்தம், வேறொன்றும் இல்லை.

படகு சாயும். 15, 20 பாகை சாய்வது இயல்பு. அடியில் துடுப்புபோல இறங்கும் கனத்த இரும்பு அல்லது ஈயம், மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு போல இருக்கும், அது படகை நிமிர்த்திக்கொண்டே இருக்கும். சாய்வு அதிகமாகி, சுக்கான் பிடிக்கிறவர் மல்லுக்கட்டுகிறார் என்றால் பாயைச் சிறிதாக்க வேண்டிய நேரம். சிறிதாக்கலாமா என்ற யோசனை வந்த உடனேயே செய்துவிடுவது நல்லது, பின்னால் செய்தால் எல்லாக் கயிறும் இரண்டு மடங்கு கனக்கும்.

யார்மத் இருப்பது தென்மேற்கே, காற்று வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். எந்தப் பாய்ப்படகும் காற்றை நேராக எதிர்த்துப் போகாது, 45 பாகை போல ஒதுங்கித்தான் போகும். ஆகவே இந்தக் கரை வரை ஒரு கோடு, திரும்பி அந்தக் கரை வரை ஒரு கோடு என்று வாய்க்கால் வெட்டுவதுபோல மாறி மாறிப் போவோம். இதற்கு டாக் செய்வது என்று பெயர். "தயாரா" என்பார் ஸ்கிப்பர், தாமான் பிடித்திருப்பவர்கள் "தயார்" என்ற பிறகே சுக்கான் திரும்பும். அணியம் காற்றைக் கடக்கும், முன்பாய் படபடவென்று அடிக்கும், இந்தப் பக்கத் தாமானை முழுதாக விடுங்கள், அந்தப் பக்கத்தவர் உடனே இழுப்பார். பாய் நிரம்புவதற்கு முன் இழுத்தால் கையாலேயே முடியும், நிரம்பியபின் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். முதல் நான்கைந்து டாக் குழப்பமாகத்தான் இருக்கும், பத்தாவதில் பேச்சே இல்லாமல் நடக்கும்.

சுக்கானை உங்களிடம் கொடுத்தால் பயப்படாமல் வாங்குங்கள். சக்கரத்தைப் பார்க்காதீர்கள், முன்பாயின் முன்விளிம்பைப் பாருங்கள். அது துடிக்க ஆரம்பித்தால் காற்றுக்கு மிக நெருங்கிவிட்டீர்கள், கொஞ்சம் விலகுங்கள். திருப்பியபின் படகு பதில்சொல்ல ஒரு நொடி எடுக்கும், அதற்குள் இன்னும் திருப்பினால் பாம்புபோல வளைந்து போவீர்கள். எதிரே இன்னொரு பாய்ப்படகு வந்தால் அவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம், நமக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். இடப்பக்கம் காற்று வாங்குகிறவர் விலக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் என்றால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். முந்துகிறவர் எப்போதும் விலக வேண்டும்.

போகிற வழியில் ஒவ்வொரு மிதவையைக் கடக்கும்போதும் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் பின்னால் நீர் எப்படிச் சுழிக்கிறது என்று பாருங்கள். நேற்று இரவு தாளில் எழுதிய ஓட்டம் அங்கே கண்முன் ஓடிக்கொண்டிருக்கும்.

யார்மத்

துறைமுகத்தை 68ஆம் அலைவரிசையில் அழைத்து இடம் கேளுங்கள். கோடை வார இறுதியில் நிரம்பிவிடும், அப்படியானால் வெளியே மிதவையில் கட்டலாம். லிமிங்டனிலிருந்து வரும் கார் ஏற்றும் படகு இதே வாயிலுக்குத்தான் வருகிறது, அது வந்தால் பொறுங்கள். நெருங்குவதற்கு நன்றாக முன்பே பாயை இறக்கி, ஃபெண்டர் போட்டு, கயிறுகளை எந்தச் சிக்கலும் இல்லாமல் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்குக் குதிக்காதீர்கள், படகு நின்றபின் கால் வைத்து இறங்குங்கள்.

1547இல் முடித்த சின்னக் கோட்டை, 1876இன் மரப்பாலம், மீன் வறுவல் கடைகள், எல்லாம் ஐந்து நிமிட நடைக்குள். தயிர் சாதத்தை அந்த மரப்பாலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

திரும்புவது

ஒரு மணிக்கு ஓட்டம் திரும்பும். அவசரப்படாமல் இரண்டரைக்குக் கிளம்புங்கள், அதற்குள் நன்றாகக் கிழக்கே இழுக்க ஆரம்பித்திருக்கும். இப்போது காற்றும் பின்னால், நீரும் பின்னால். படகு நிமிர்ந்துவிடும், குளிர் போய்விடும், காலையில் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிய தூரம் வழுக்கிக்கொண்டு போகும். எல்லோரும் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுக் கால் நீட்டுவார்கள்.

அன்றைய நாளின் ஆபத்தான நேரம் இதுதான். பின்காற்றில் சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் அசந்தால் காற்று பெரிய பாயின் மறுபக்கம் புகுந்து, பூம் முழு வேகத்தில் குறுக்கே வீசும். காலையில் சொன்ன அந்த வீச்சு இப்போது சொல்லாமல் வரும். பூம் முனையிலிருந்து முன்னால் ஒரு கயிறு கட்டி அதைப் பிடித்துவைக்கும்படி ஸ்கிப்பரிடம் கேளுங்கள், நல்ல ஸ்கிப்பர் கேட்காமலே கட்டுவார். பின்காற்றில் போகும்போது நின்றுகொண்டு படம் எடுக்காதீர்கள். களைப்பும் சேர்ந்திருக்கும், ஆகவே கால்ஷாட் வருவதற்கு முன்பே எல்லோரும் ஒரு வாய் தண்ணீர் குடித்து, எதையாவது மென்று, ஜாக்கெட் பட்டைகளை மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள், கப்பல் வழியைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஹாம்பிள் ஆற்றில் நுழையும்போது நீர் ஏறிக்கொண்டிருக்கும், அதுவும் நாம் திட்டமிட்டதுதான். ஏறும் நீரில் தரைதட்டினால் டீ குடித்து முடிப்பதற்குள் மிதந்துவிடலாம், வற்றும் நீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயேதான்.

கட்டி முடித்தபின் வாயுக் குப்பி மூடியிருக்கிறதா, கடல்நீர்க் குழாய்களின் அடைப்பான்கள் மூடியிருக்கிறதா, பாட்டரி விசை அணைந்திருக்கிறதா என்று ஒருவர் சொல்ல ஒருவர் பாருங்கள். கயிறுகளை நன்னீரில் அலசுங்கள், உப்பு காய்ந்தால் விறைத்துவிடும். அன்றைக்குக் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், காற்று, ஓட்டம் எப்போது உண்மையில் திரும்பியது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். தொடர்ந்து வர ஆசை பிறந்துவிட்டால் ராயல் யாட்டிங் அசோசியேஷன் பாடத்திட்டத்தில் இரண்டு நாள் தொடக்கப் பயிற்சியும், ஐந்து நாள் கைதேர்ந்த உதவியாளர் பயிற்சியும் உண்டு, இந்த ஆற்றங்கரையிலேயே பல பள்ளிகள் நடத்துகின்றன.

காரில் ஏறுவதற்கு முன், காலையில் சொல்லிவிட்டு வந்த அந்த ஆளை அழைத்து எல்லோரும் கரைசேர்ந்தாச்சு என்று சொல்லுங்கள். இதை மறந்தால் அவர் சொன்ன நேரத்துக்குச் சரியாக 999ஐ அழைப்பார், உங்களைத் தேடி மீட்புப் படகு கிளம்பும்.